கேசரிக்கு ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் நிழல்

ஈரமான தேங்காய் நார்த்தூள் சூடேறும்போது ஒரு வாசனை வரும். பழைய சாக்கும் புது மண்ணும் கலந்த வாசனை. அது மூக்கில் ஏறினால் போதும், எங்கே நின்றாலும் மயிலாப்பூரில் ஒரு மூன்றாவது மாடி அறைக்குள் போய்விடுகிறேன். உள்ளங்கை சுடுகிறது.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக, நான் செய்த தப்பை எழுதுகிறேன்.

1. மீன் தொட்டிப் புத்தி

தி.நகர் சந்தில் ஒரு கடை. பதினெட்டு வருஷமாக மீன் தொட்டி மாட்டுவதுதான் என் பிழைப்பு. ஒருநாள் பாம்புத் தொட்டிக்கு ஆர்டர் வந்தது. வைதேகி என்று ஒரு பெண், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. முறைப்படி பதிவு செய்து, ஒரு பால் பைத்தான் வளர்க்கிறார், பந்துபோலச் சுருண்டுகொள்ளும் சின்ன வகை மலைப்பாம்பு. மஞ்சள் நிறம் என்பதால் பெயர் கேசரி. வளர்ந்துவிட்டது, பெரிய தொட்டி வேண்டும்.

எனக்குத் தயக்கம். கடை முதலாளி பாய் சிரித்தார்.

"இன்னா நைனா, தண்ணிய சூடு பண்ணத் தெரிஞ்சவனுக்குத் தரைய சூடு பண்ணத் தெரியாதா? போய் மாட்டினு வா."

மாட்டினேன். மீன் தொட்டியில் ஹீட்டர் எந்த மூலையில் இருந்தாலும் தண்ணீர் சூட்டைச் சுற்றிப் பங்கிட்டுவிடும். எல்லா இடமும் ஒரே சூடாக இருந்தால்தான் நல்ல வேலை. அந்தப் புத்தியில், தொட்டியின் அடிக் கண்ணாடிக்குக் கீழே முழுக்க ஹீட்டிங் பேடை, அதாவது மின்சாரத்தில் சூடேறும் மெல்லிய விரிப்பை, ஒட்டினேன். தொட்டியைக் கடப்பாக்கல் அலமாரியில் அப்படியே உட்கார்த்தி, உள்ளே ஈரத் தேங்காய் நார்த்தூளைப் பரப்பினேன். சூடு போதுமானதும் பேடை அணைக்கிற தெர்மோஸ்டாட்டின் சென்சார் முனையை, தண்ணீரில் தொங்கவிடுகிற பழக்கத்தில், தொட்டி நடுவே காற்றில் தொங்கவிட்டேன். பளிச்சென்று வேலை முடிந்த திருப்தி. போட்டோகூட எடுத்துக்கொண்டேன்.

2. தண்ணீர்க் கிண்ணம்

ஐந்து வாரம் கழித்து வைதேகியிடமிருந்து போன்.

"அண்ணா, புதுத் தொட்டிக்கு மாத்தினதுலேர்ந்து கேசரி ஒண்ணுமே சாப்பிடலை. எப்பப் பார்த்தாலும் தண்ணிக் கிண்ணத்துலயே சுருண்டு கிடக்கறது. டாக்டர் உடம்புல கோளாறு இல்லைங்கறார், சூட்டைப் பாருங்கறார். ஞாயித்துக்கிழமைக்குள்ள சாப்பிடலைன்னா வேற ஆளுக்குக் குடுத்துடணும்னு மாமனார் சொல்லிட்டார்."

போனேன். அந்த மூன்றாவது மாடி அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது, இருபத்திரண்டு டிகிரியில். மாமனார் வாசற்படியைத் தாண்டாமல் நின்றார். எழுபது வயது, நெற்றியில் திருமண்.

"வாங்கோ. நீங்கதானே இந்த அடுப்பை வெச்சுட்டுப் போனது?"

"அடுப்பு இல்ல சார், பேடு."

"நாங்க ஆத்துல ஏசி போட்டுண்டு போத்திண்டு தூங்கறோம். அது ராப்பகலா தண்ணிக்குள்ள உக்காந்துண்டிருக்கு. வாயில்லா ஜீவனைப் பட்டினி போட்டுப் பார்த்துண்டிருக்க என்னால ஆகாது. அதான் குடுத்துடுன்னேன்."

அவருக்குப் பாம்பின்மேல் வெறுப்பு என்று நினைத்திருந்தேன். இல்லை.

கையை உள்ளே விட்டு, நார்த்தூளை விலக்கி, கண்ணாடித் தரையில் உள்ளங்கையை வைத்தேன். மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். ஏசிக் குளிரில் தொங்கிய சென்சார், 'இன்னும் சூடு பத்தவில்லை' என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. பேடு அணையவே இல்லை. கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவே சூடு வெளியேற வழியும் இல்லை. தரை முழுக்க நான் பரப்பிய நெருப்பில், அந்த ஜீவன் கண்டுபிடித்த ஒரே நிழல் அந்தக் கிண்ணம்.

"தப்பு என்னுதும்மா," என்றேன். "மீனுக்குப் போடற மாதிரி போட்டுட்டேன்."

3. மூன்றில் ஒரு பங்கு

ஒட்டிய பேடைப் பிய்த்து மறுபடி ஒட்டக்கூடாது, உள்ளே கம்பி மடங்கிவிடும். அதைத் தூக்கிப் போட்டேன். தொட்டித் தரையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் புதுப் பேடு, ஒரு ஓரத்தில் மட்டும், கண்ணாடிக்கு வெளியே. சென்சார் முனை பேடுக்கும் கண்ணாடிக்கும் நடுவில். தொட்டியின் நான்கு மூலையிலும் ரப்பர் கால், அடியில் காற்று ஓட. சூட்டுப்பக்கம் உள்தரை முப்பத்திரண்டு, மறுபக்கம் இருபத்தாறு. தனித் தெர்மாமீட்டர் வைத்துச் சரிபார்த்தேன். பக்கத்துக்கு ஒன்றாக, ஒளிந்துகொள்ள இரண்டு பொந்து.

"ஏசியை இருபத்தாறுல வைங்கம்மா. ஒரு வாரம் தொந்தரவு பண்ணாதீங்க. சார், அந்த ஒரு வாரம் குடுங்க."

அவர் தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒரு வாரம். அதுக்கு மேல கேக்கப்படாது."

அந்த வாரம் நான் எந்தத் தொட்டியைத் துடைத்தாலும் அதில் மஞ்சளாக ஏதோ நெளிந்தது.

அடுத்த ஞாயிறு மாலை போனபோது கிண்ணம் காலி. கேசரி சூட்டுப்பக்கப் பொந்தில் இருந்தது. பிறகு மெதுவாக நழுவி குளிர்ப்பக்கம் போனது, திரும்பியது. எங்கே இருக்கலாம் என்று அதுவே தீர்மானித்துக்கொண்டிருந்தது. சூட்டைக் கொடுப்பது பாதி வேலை. அதை விட்டு விலகிப்போக இடம் கொடுப்பது மீதிப் பாதி. பதினெட்டு வருஷத் தண்ணீர் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

சைவ வீடு. உறைந்த எலிக்கென்று பால்கனியில் தனிக் குட்டி ஃபிரிட்ஜ். வைதேகி எலியை வெந்நீரில் இளக்கி இடுக்கியில் பிடித்து நீட்டினார். மாமனார் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"எடுத்துண்டுதா?"

"இல்லப்பா."

"இப்போ?"

"கொஞ்சம் பேசாம இருங்கோப்பா!"

சட்டென்று ஒரு மஞ்சள் வீச்சு. இடுக்கி காலி. வைதேகி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், சிரித்தார்.

கிளம்பும்போது மாமனார் லிஃப்ட்வரை வந்தார். கதவு மூடுமுன் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அடுத்த தடவை வரச்சே பெல் அடிக்காதேள், மெதுவாத் தட்டுங்கோ. சாப்ட்ட உடம்பு, தூங்கட்டும்."