மாமாவின் மூன்றும் என்னுடைய மரமும்

கணினித் திரையில், குரலை வரைந்து காட்டும் இரண்டு சாம்பல் நிறப் படங்கள். ஒன்று, மாமா ஆங்கிலத்தில் ‘த்ரீ’ என்று மூன்றைச் சொன்னது. மற்றொன்று, ‘ட்ரீ’ என்று மரத்தைச் சொன்னது. சிங்கப்பூர் ஆங்கிலத்தில் இவ்விரண்டின் முதல் ஒலி எப்படி வேறுபடுகிறது என்று அளந்து பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. செம்பவாங் கப்பல் பட்டறையில் கிரேனுக்குச் சைகை காட்டியே வயதான என் தாய்மாமாவின் குரலையும் பதிந்திருந்தேன். படங்களைப் பார்த்ததும் குழம்பிப்போனேன். ஒலி வெடிக்கும் இடத்தில் மூன்றுக்கு ஒரு கீற்று, மரத்துக்கு முற்றிலும் வேறொரு கீற்று. மனிதர் நம் ‘த’வையும் ‘ட’வையும் அப்படியே போட்டிருக்கிறார். சந்தேகத்தில் என் குரலையும் பதிந்தேன். இரண்டு சொல்லுக்கும் ஏறக்குறைய ஒரே படம். மறுபடி பதிந்தேன். அதேதான்.

எனக்குப் பதினான்கு வயதில், மாமாவைப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் வேலைக்கு நேர்காணலுக்கு அழைத்திருந்தார்கள். அப்போது புக்கிட் மேரா வீட்டில் எங்களோடு இருந்தார். வேலை முடிந்து வந்து, சட்டைகூட மாற்றாமல், “நான் இங்கிலீஷ் பேசுறத கொஞ்சம் கேளும்மா” என்று என்முன் உட்காருவார். பள்ளியில் வாய்மொழித் தேர்வுக்குச் சொல்லித்தந்ததை வைத்துக்கொண்டு நான் அதிகாரம் பண்ணினேன். “தப்பு மாமா, ‘ட்ரீ’ இல்ல, ‘த்ரீ’. நாக்கப் பல்லுக்கு வெளிய நீட்டுங்க.” நீட்டுவார். “ஐயோ, சிரிப்பா இருக்கு லா!” நான்காம் நாள் அவர் உட்காரவில்லை. நேர்காணலுக்கும் போகவில்லை. “அதெல்லாம் நமக்குச் சரிப்படாதுக்கா” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். கடைசிவரை கிரேனடியிலேயே நின்று ஓய்வு பெற்றார்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். தன் நாக்குமா தெரியாது? என் பேச்சில் இல்லாத வேறுபாட்டை அவரிடம் கேட்டு அதட்டியிருக்கிறேன். அவரிடம் இருந்ததையோ என் காது வாங்கவேயில்லை. எப்படி என்று இன்றுவரை விளங்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை உட்லண்ட்ஸில் இருக்கும் அவர் வீட்டுக்குப் படங்களோடு போனேன்.

“அன்னைக்கும் நீங்க ரெண்டையும் சரியாத்தான் பிரிச்சுச் சொல்லியிருக்கீங்க மாமா. எனக்குத்தான் ரெண்டும் ஒண்ணா வருது.”

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படங்களை நெடுநேரம் பார்த்தார்.

“எங்க, நீ சொல்லு பாப்போம்.”

சொன்னேன். முதலில் மூன்று, பிறகு மரம்.

“நல்லாத்தானே சொல்ற,” என்றார்.

அவர் காதுக்கு உண்மையிலேயே அப்படிக் கேட்டதா, என் முகம் வாடிவிடக் கூடாது என்று சொன்னாரா, தெரியவில்லை. அன்று நானும் அப்படிச் சொல்லியிருந்தால் அவர் நேர்காணலுக்குப் போயிருப்பார்.