நான்காவது உரச்சாக்கு

சுங்காய் என்ற ஊரில் எனக்கு மூன்று ஏக்கர் ரப்பர்த் தோட்டம் உண்டு. மறுநடவு உதவிப்பணத்தின் அடுத்த தவணை வர வேண்டுமானால், அரசாங்கம் கொடுத்த உரத்தைப் போட்டதற்குச் சாட்சியாக நான்கு காலிச் சாக்குகளைக் காட்ட வேண்டும். அதிகாரி வந்ததும் ஒன்றை ஜன்னலிலிருந்து கழற்றினேன். ஒன்றை மோட்டார் சைக்கிள் சீட்டிலிருந்து உரித்தேன். மூன்றாவது என் தலையணை. நான்காவதை மழைக்கோட்டாக மாட்டியிருந்த என் ஆடு, என்னைக் கண்டதும் ஓடியது.

பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் நின்று சிரித்தார். "தம்பி, ஆட்டுக்கா உரம் போட்டேன்னு கேக்கப் போறாங்க லா!"

"சிரிக்காம மறிச்சுப் பிடிங்கக்கா! என் காசு ஓடுது!"

பாய்ந்து சேற்றில் விழுந்து ஆட்டைப் பிடித்தேன். சாக்கு கழலவில்லை, நானே இறுக்கித் தைத்தது. அதிகாரி சற்று யோசித்துவிட்டு எங்களை அப்படியே படமெடுத்தார். தவணை வந்துவிட்டது. அரசாங்கக் கோப்பில் இப்போது மூன்று சாக்குகளோடு ஓர் ஆடும், சேற்றில் கிடக்கும் நானும் இருக்கிறோம்.