பொம்மை போட்டிருந்த சுடிதார்

அத்தைக்கு ஒரு சுடிதார் மேல் ஆசை வந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. திண்டுக்கல்லில் கல்லூரிப் பெண்கள் சுடிதாருக்கு மாறிக்கொண்டிருந்த தொண்ணூறுகள். எங்கள் வீட்டில் மட்டும் இன்னும் யாரும் போட்டதில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. நிலக்கோட்டையில் பாலர் பள்ளி டீச்சர், தினமும் பேருந்தில் போய் வருவாள். நல்ல கறுப்பு, நல்ல பருமன். இரண்டைப் பற்றியும் சொந்தக்காரர்கள் தாராளமாகக் கருத்துச் சொல்வார்கள். அத்தை சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வாள்.

அந்தச் சுடிதார் ஒரு ஜவுளிக் கடையின் கண்ணாடிக்குள், பொம்மை மேல் இருந்தது. மாம்பழ மஞ்சள், கழுத்தைச் சுற்றிப் பச்சை நூல் வேலை. பேருந்து அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அத்தை எட்டிப் பார்ப்பாளாம். எனக்கோ பொம்மை மேல்தான் ஆராய்ச்சி. ரோஸ் பவுடர் நிறம், நீலக் கண், என் இரண்டு கைக்குள் அடங்கிவிடும்போல இடுப்பு. எங்கள் தெருவிலும் சரி, மாதா கோயில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலும் சரி, அப்படி ஒருத்தியை நான் கண்டதில்லை. கொடைரோட்டில் ரயிலை விட்டு இறங்கி மலைக்குப் போகும் வெள்ளைக்காரர்களைப் பார்த்திருந்தேன். ஆகவே இந்த மாதிரிப் பெண்கள் எல்லாரும் கொடைக்கானலில் குடியிருக்கிறார்கள், கடைக்காரர் அவர்களுக்காகத்தான் துணி வாங்கி வைக்கிறார் என்று முடிவு கட்டியிருந்தேன்.

கிறிஸ்துமஸ் துணி எடுக்க அம்மா, அத்தை, நான் மூவரும் போனோம். அந்தக் கடையில் ஒரு மீசைக்காரர் இருந்தார். புடவையைத் தன் தோளில் போட்டு, முந்தியை விரித்து, திரும்பி நின்று காட்டுவார். எந்தப் பெண்ணும் சிரித்ததில்லை; அவருக்கு எடுப்பாக இருந்தால் வாங்கிவிடுவார்கள். அவரிடம் அத்தை மெதுவாக அந்த மஞ்சள் சுடிதாரைக் கேட்டாள்.

"உங்க அளவுக்கு ரெடிமேடு வராது டீச்சர். துணி எடுத்துத் தச்சுக்கங்க" என்றார் அவர், அத்தையைத் தலை முதல் கால் வரை ஒரு தடவை பார்த்துவிட்டு.

கறுப்புக்கு மஞ்சள் எடுக்காது, ஊதாவில் ஒரு புடவை பார்ப்போம் என்று அம்மா சமாதானம் சொன்னாள். அத்தை சரி என்று தலையாட்டினாள். ஆனால் புடவையைப் பார்க்காமல், நாங்கள் உட்கார்ந்திருந்த பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பிடிக்கவில்லை. எழுந்து பொம்மையிடம் போனேன்.

கண்ணாடிப் பெட்டியின் பின்கதவு திறந்திருந்தது. கொடைக்கானல்காரியின் பின்பக்கத்தை அன்றுதான் பார்த்தேன். முதுகில் துணியைச் சுருட்டிச் சுருட்டி மடித்து, கொடியில் துணி காயப்போடும் கிளிப் வரிசையாக மாட்டியிருந்தார்கள். எண்ணினேன், ஒன்பது.

"அத்த, இங்க வந்து பாருங்க. பொம்மைக்கு இது அம்புட்டு லூசு" என்று கத்தினேன்.

மீசைக்காரர் நெளிந்தார். பிறகு விவரம் சொன்னார். ரெடிமேடு வரும் கட்டுக்கு ஒன்று பெரிய அளவில் இருக்குமாம். அதை யாரும் கேட்பதில்லையாம். சும்மா கிடப்பதை என்ன செய்வது என்று பொம்மைக்கு மாட்டிவிடுவார்களாம். பொம்மை மேல் இருப்பது விற்பனைக்கு இல்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

"நான் இப்பக் கேட்டேன்ல. கழட்டுங்க, செத்த நேரம் நிக்கிறேன்" என்றாள் அத்தை. குரல் உயரவில்லை. ஆனால் அம்மா புடவையைக் கீழே வைத்துவிட்டாள்.

கல்லாவில் இருந்த முதலாளி கொடுத்துவிடு என்று தலையை அசைத்தார். மீசைக்காரர் வெட்கப்பட்டு, பொம்மையைச் சுற்றி ஒரு போர்வையை எங்களைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கையை உள்ளே விட்டுக் கழற்றினார். அத்தை திரைச்சீலைக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். கையில் சற்றுப் பிடித்தது. மற்ற இடமெல்லாம் சரி. அம்மா துப்பட்டாவை இழுத்து உடம்பை முழுக்க மூடிவிட்டாள். அத்தை அதை எடுத்துத் திரும்பவும் கழுத்தோடு போட்டுக்கொண்டாள். கண்ணாடி முன்னால் அவள் நின்றுகொண்டே இருந்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கிறிஸ்துமஸ் அன்று பூசை முடிந்ததும் அதே சுடிதாரோடு என்னை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனாள். நான் ஓடிப்போய் அவளுக்கு முன்னால் நின்றேன். அத்தை என் தோளைப் பிடித்து நகர்த்தினாள்.

"நீ பக்கத்துல நில்லும்மா."

புதுத்துணி வந்ததும் அத்தைக்கு நான் வேண்டாதவளாகிவிட்டேன் என்று நினைத்தேன். அந்தப் படத்தில் அத்தை தலை நிமிர்ந்து சிரிக்கிறாள். நான் ஓரமாக உர்ரென்று நிற்கிறேன். வீடு வரும்வரை அவளோடு பேசவில்லை.

எனக்கே குழந்தை பிறந்த பிறகு, ஒருநாள் பழைய ஆல்பத்தைப் புரட்டினேன். அந்தக் கிறிஸ்துமஸ் படத்துக்கு முந்தைய படங்கள் எதிலும் அத்தைக்கு முகம் மட்டும்தான் இருந்தது. ஒன்றில் அம்மா உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறாள். மற்ற எல்லாவற்றிலும் இரண்டு கையாலும் என்னைத் தன் முன்னால் இறுக்கிப் பிடித்திருக்கிறாள். செல்லமாக அணைத்திருக்கிறாள் என்றே அத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.