அக்காவின் படத்தில் இல்லாத புள்ளி

போன வாரம் தி.நகரில் ஒரு தோல் டாக்டரிடம் போயிருந்தேன். புறங்கையில் வெள்ளையாகச் சின்னதாக ஒன்று. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "நாட் கான்ஸ்பிக்யுவஸ் சார், விடுங்க" என்றாள் அந்தப் பெண். என் பேத்தி வயதுதான் இருக்கும். நான் மருந்துச் சீட்டை மேஜையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அப்பாவுக்கு அந்த வார்த்தையைக் கொடுத்ததும் ஒரு டாக்டர்தான். எழுபதுகளின் தொடக்கம். மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் குடியிருந்தோம். அக்காவுக்கு இடது காதுக்குக் கீழே துவரம்பருப்பு அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. சட்டென்று கண்ணில் படாது என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். அப்பா தேனாம்பேட்டை ஆபீஸ் ஒன்றில் இங்கிலீஷ் டிராஃப்ட் எழுதுகிறவர். தமிழில் சொன்னால் வியாதி, இங்கிலீஷில் சொன்னால் விவரம் என்று அவருக்கு ஓர் எண்ணம். கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

ஜாதகத்தோடு கொடுக்க மாட வீதி ஸ்டூடியோவில் அக்காவைப் படம் எடுத்தோம். வந்த படத்தில் புள்ளியைக் காணோம். ஸ்டூடியோக்காரர் மெல்லிய பிரஷ்ஷில் மை தொட்டு மூடியிருந்தார்.

"இன்னா சார், கல்யாணத்துக்குன்னு எடுக்கிற படம் எல்லாத்துக்கும் செய்றதுதான்" என்றார்.

இன்னொரு படம் எடுக்க அம்மா விடவில்லை. படம் மறைத்ததை வாயால் சொல்லியாக வேண்டும் என்று அப்பாவுக்குத் தோன்றிவிட்டது. "மறைச்சுப் பண்ணினா நாளைக்குக் கொண்டுவந்து விட்டுட்டுப் போயிடுவாடா" என்பார். அடுத்த தெருவில் ஒரு பெண் அப்படி வந்துதான் இருந்தாள்.

ஆகவே ஒவ்வொரு தடவையும் சொஜ்ஜி பஜ்ஜி முடிந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொள்வார். "ஒரு ஸ்மால் மார்க். நாட் கான்ஸ்பிக்யுவஸ்." அவ்வளவுதான், அத்தனை தலைகளும் இடப்பக்கம் சாயும். கண்ணில் படாது என்று சொன்ன பிறகு தேடாத கண் உண்டா? அக்கா பாடிய பாட்டெல்லாம் காற்றோடு போகும்.

தி.நகரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. முதல் நாளே அக்கா கேட்டுக்கொண்டாள். "இந்தத் தடவை மட்டும் சொல்லாதேங்கோப்பா." அப்பா தலையாட்டினார். அன்று அவள் சிரித்துச் சிரித்துப் பேசினாள். அவளுக்குப் பிள்ளையைப் பிடித்துவிட்டது, பார்க்கிற எங்களுக்கே தெரிந்தது. அவர்களுக்கும் திருப்தி. வாசலில் செருப்பைக்கூட மாட்டிக்கொண்டாகிவிட்டது. அப்போது அப்பா, "ஒரு நிமிஷம்" என்றார்.

அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் காபி டம்ளர்களை ஏந்திக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். அப்பா சொல்லியே விட்டார்.

பிள்ளையின் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி உள்ளே வந்தாள். அக்காவின் முகவாயைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "ஆமாம், ஒண்ணும் தெரியவே இல்லையே" என்று தன்மையாகத்தான் சொன்னாள். பிறகு, "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்றாள். தி.நகர் எந்த ஊரில் இருக்கிறது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அப்பாவைத் திட்டவும் முடியவில்லை. கிணற்றடியில் அன்று நெடுநேரம் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் அக்கா யார் எதிரிலும் வந்து உட்கார மறுத்துவிட்டாள். ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. எங்கள் சந்து வீடு அடுக்குமாடியாகிவிட்டது. அப்பா அம்மா போய்விட்டார்கள். அக்காவும் போன வருஷம் போய்விட்டாள்.

அவளுடையதென்று என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு படம்தான். டாக்டரிடமிருந்து வந்ததும் எடுத்து ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். காதுக்குக் கீழே அந்தப் புள்ளியைத் தேடினேன். ஸ்டூடியோக்காரர் நன்றாகத்தான் மூடியிருக்கிறார்.