ஆளுக்கொரு பெட்டரி

இலங்கையின் நாவுல ஊரில் தையல் என்றால் றாபியா. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆனால் கைப்பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் என்ன கொடுப்பது, லண்டனில் இப்போது பகலா இரவா என்பதெல்லாம் தெரியும். எல்லாம் தையல் மெஷினுக்கு மேலே பலகையில் இருந்த ரேடியோ சொன்னது. அந்தத் தெருவில் வேறு ரேடியோ இல்லை. தைக்கப் பழகும் பெண்கள் பாட்டுக்காக வருவார்கள், நாடகத்துக்காக இருப்பார்கள், இடையில் கொஞ்சம் தைக்கவும் செய்வார்கள்.

எழுபத்தேழாம் ஆண்டுத் தேர்தல் வந்தது. அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு கட்சிக்கு ரேடியோவில் பேச நேரம் கொடுத்தார்கள். அது முடிந்துதான் பாட்டு. றாபியாவின் கணவர் பதுர்தீன் பச்சைக் கட்சி. பச்சை பேசும் நாளில் சத்தத்தைக் கூட்டி வைப்பார். நீலம் பேசும் நாளில் ரேடியோவின் முதுகைத் திறந்து நாலு பெட்டரியையும் கழற்றித் தன் நீள டோர்ச்சில் போட்டுக்கொண்டு போஸ்டர் ஒட்டக் கிளம்பிவிடுவார்.

"அவங்க சொல்றதையும் கேட்டாத்தானே யாருக்குப் போடறதுன்னு எனக்குத் தெரியும்?" என்றார் றாபியா.

"ஒனக்கு எதுக்கு அந்தத் தலவலி? நான் சொல்றேனே!"

"ஒரு முழம் சீத்தத் துணி வாங்கவே நாலு கடை ஏறி எறங்குறவ நான். இதுக்கு மட்டும் ஒரே கடையா?"

பதுர்தீன் டோர்ச்சை அடித்துப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

தைக்கப் பழக வந்திருந்த ஹமீமா முகத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அவள் வீடு நீலம். "ஒங்க ஊட்டு ரேடியோவும் பச்சையாயிருச்சு ராத்தா. நான் இனி வரல்ல."

றாபியாவுக்கு அது சுட்டது. புது பெட்டரி வாங்கினாலும் டோர்ச்சுக்குள்தான் போகும். மறுநாள் ஹமீமாவையும் கூப்பிட்டு வைத்து ஒரு சட்டம் போட்டார். இனி ரேடியோவுக்குத் தன் வீட்டு பெட்டரி கிடையாது. பச்சைக்கார மஸூதா ஒன்று, ஹமீமா ஒன்று, சிவப்புக்கார ஸுபைதா ஒன்று. நாலாவது, பாட்டுக் கேட்க வரும், எந்தக் கட்சி என்று வாயே திறக்காத மங்கையற்கரசி டீச்சருடையது. முடிந்ததும் அவரவர் எடுத்துப் போகலாம். ஒன்று குறைந்தாலும் ரேடியோ பாடாது.

அடுத்த முறை நீலத்தின் நாள். "அவனுக்கு நான் பெட்டரி குடுக்கணுமா?" என்றாள் மஸூதா.

"நேத்து ஒங்காளு கத்துனது என்ட பெட்டரிலதானே!" என்றாள் ஹமீமா.

"பாட்டு வேணுமா, வேணாமா?" என்றார் டீச்சர். மஸூதா பெட்டரியை உள்ளே தள்ளினாள்.

டோர்ச் மங்கிவிட்டதென்று பதுர்தீன் வந்தார். வழக்கம்போல ரேடியோவின் முதுகில் கைவைத்தார்.

"தொடாதீங்க. நாலும் நாலு ஊட்டு அமானிதம்."

கை நின்றது. பிறர் நம்பித் தந்த பொருளைத் தொடுகிற ஆள் இல்லை அவர். வெளியே போகவும் வெளிச்சமில்லை. வாசற்படியில் உட்கார்ந்தார். நீலக்காரர் பேசத் தொடங்கியதும், "பொய்!" என்றார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு "பொய்!" அரிசி விலைக்கு வந்தபோது சத்தமில்லை. பேச்சு முடிந்ததும், "வாய்க்காரன்தான்," என்று எழுந்தார்.

தேர்தலன்று வாக்குப் போட்டுவிட்டுத் திரும்பும்போது கேட்டார். "யாருக்குப் போட்ட?"

"யாரு யாரு பேச்ச நான் கேட்டேனோ, அவங்கள்ல ஒருத்தருக்கு."

"அது யாரு?"

"வெயில் ஏறுது, நடங்க."

வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார். றாபியா சொல்லவில்லை. பச்சை வென்றபிறகும் சொல்லவில்லை.