ஒன்பதாவது கிரீனில் வெறுங்கால்

கோல்ஃப் மைதானத்தில் இலையுதிர்கால வேலை என்பது, கோடை முழுக்க நாம் சீவிச் சிங்காரித்த புல்லை நாமே குத்திக் கிழித்துவிட்டு, அது சுகமாக இருக்கிறதா என்று தினமும் போய்ப் பார்ப்பது. வெளிவேலைக்கு முழங்காலைக் கொடுத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஊரைவிட்டு வந்து குடியேறிய நாட்டில், துன் என்ற ஏரிக்கு மேலே ஒரு மைதானத்தில் எனக்குச் சீசன் வேலை. வயது அறுபத்து மூன்று. ஓய்வூதியத்துக்கு இன்னும் ஒரு சீசன் மீதி. வசந்தத்தில் யாரைத் திரும்பக் கூப்பிடுவது என்பதை எங்கள் பொறுப்பாளர் ஊர்ஸ் நவம்பரில்தான் சொல்வார். ஆகவே அந்த இலையுதிர்காலம் முழுவதும் நான் மிகவும் நல்ல பிள்ளையாக இருந்தேன்.

துளை

கிரீன் என்பது குழியும் கொடியும் உள்ள இடம். அங்கே புல் கன்றுக்குட்டியின் நெற்றி மயிர்போலக் குட்டையாக இருக்கும். வேருக்குக் காற்றுப் போவதற்காக, இயந்திரத்தால் அதில் ஆயிரக்கணக்கில் துளை போட்டு மணல் நிரப்ப வேண்டும். வேலை முடியும்போது பார்த்தால் அம்மை போட்ட முகம். உறுப்பினர் ஒருவர், வெள்ளைக் கையுறை போட்ட அம்மையார், வெகுநேரம் நின்று பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்: "போன கிழமை எவ்வளவு அழகாக இருந்தது. உங்களுக்கு யாரோடு கோபம்?"

சப்பாத்து

அப்படி ஒரு புல்லின்மேல் சப்பாத்தோடு ஏற எனக்குக் கால் வருவதில்லை. ஓரத்தில் கழற்றி, சோடியாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போவேன். குளிரும், பரவாயில்லை. என்னோடு வேலை செய்த யோகன் இலை ஊதும் இயந்திரத்தை முதுகில் கட்டியபடி என் சப்பாத்தையும் கொடியையும் மாறி மாறிப் பார்த்தான். "கொடிமரம் நிக்குது, நீங்கள் செருப்பும் கழட்டியாச்சு. அர்ச்சனைச் சீட்டு எங்கை அக்கா எடுக்கிறது?"

இலை

ஒக்டோபரில் மேப்பிள் இலைகள் கொட்டின. யோகன் ஊத, நான் வாரிக் குவிக்க, ஏரிக்காற்று வந்து அவ்வளவையும் பக்கத்து விவசாயியின் மேய்ச்சல் நிலத்தில் போட்டது. எங்களுக்குச் சந்தோஷம்தான். மூன்றாம் நாள் காலை அந்த விவசாயி டிராக்டரில் வந்தார். இரண்டு சாக்குகளை இறக்கி, வாய்க்கட்டை அவிழ்த்துக் காட்டினார். ஒவ்வொன்றாகத் தெரிந்தெடுத்திருக்க வேண்டும். "மேப்பிள் உங்களுடையது. வால்நட் இலை என்னுடையது, அதை நான் வைத்துக்கொண்டேன்."

உறைபனி

உறைபனி பிடித்த புல்லை மிதித்தால், மிதித்த இடம் கருகிப் பல கிழமைகள் அப்படியே கிடக்கும். ஊரில் நான் இலக்கியம் படித்த காலத்தில், புல் இவ்வளவு காலம் கோபத்தை வைத்திருக்கும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. சீசனின் கடைசிப் போட்டிக்கு நான்கு நாள் இருந்தபோது, ஊர்ஸ் என்னை ஒன்பதாவது கிரீனுக்குக் காவல் நிறுத்தினார். "ஒரு காலடி கண்டாலும் வசந்தத்தில் உங்களைக் கூப்பிட மாட்டேன்."

ஓய்வுபெற்ற பல்வைத்தியர் ஒருவர் கிரீனின் மறுபக்கத்திலிருந்து வந்தார். அவர் கிளப் நிர்வாகக் குழுவிலும் இருப்பவர். நான் கத்தினேன், அவர் கையசைத்துவிட்டு, கிரீனைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டினார். ஓட வேண்டும் என்று மட்டும்தான் தெரிந்தது. அந்த அவசரத்திலும் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டே ஓடினேன். போய்ச் சேரும்போது அவர் இரண்டு அடி வைத்திருந்தார். கையைப் பிடித்து நிறுத்தினேன். இருவரும் திரும்பிப் பார்த்தோம். வெண்பனியின் குறுக்கே என் காலடிகள், ஐந்து ஐந்து விரல்களோடு, பதினான்கு. அவர் மரியாதையாகச் சொன்னார்: "என்னுடையது இரண்டுதான், அம்மா. மிச்சமெல்லாம் உங்களுடையது."

விசாரணை

மறுநாள் பதினாறு அடிகளும் கருகிவிட்டன. நிர்வாகக் குழு வந்து முழங்காலிட்டுப் பார்த்தது, படம் எடுத்தது. மைதானத்தில் யாரும் வெறுங்காலோடு நடப்பதில்லை என்று செயலாளர் சொன்னார். பல்வைத்தியர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கரடியாக இருக்கலாம் என்றார். அப்படியானால் இந்த இரண்டு சப்பாத்து அடிகள்? அது கரடியைத் துரத்திய யாரோ துணிச்சல்காரர் என்றார். குழு அதைக் குறித்துக்கொண்டது.

நான் அவர்கள் கேட்ட மணல் வாளியோடு பக்கத்திலேயே நின்றேன். ஊர்ஸின் கண் கிரீனின் ஓரத்துக்குப் போனது. அங்கே என் சப்பாத்து, சோடியாக. பிறகு அந்தக் கண் மெல்ல என் பாதத்துக்கு வந்தது. பழக்கத்தில் அன்றும் கழற்றிவிட்டுத்தான் ஏறியிருந்தேன். கால்விரல்களை மடக்கி ஒளித்துப் பார்த்தேன். பத்து விரலை எங்கே ஒளிப்பது? குழு கலைந்து போகும்வரை அவர் காத்திருந்தார். வாளியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சொன்னார்: "கரடிதான். அது குளிர்காலத் தூக்கம் முடிந்து மார்ச் மாதம் எழும்பி வரும். காலை ஏழு மணிக்கு. சப்பாத்தோடு."

அந்தக் கடைசி சீசனையும் முடித்து ஓய்வு பெற்றுவிட்டேன், அந்த இடத்தில் புல்லும் எப்போதோ மூடிவிட்டது, ஆனாலும் இத்தனை வருடம் இந்த நாட்டில் நான் நடந்த நடையில் ஒரு குழு கூடி முழங்காலிட்டுப் பார்த்தது அந்தப் பதினான்கு அடிகளை மட்டும்தான், அதையும் கரடியின் பெயரில்.