காவி என்று சொன்ன வாய்

மற்றவனுடைய இரத்தத்தில் குறை தேடிப் பிழைக்கிற தொழில் எங்களுடையது. பாலாவித் தீர்த்தத்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்று சொல்லச் சொன்னாலும் சொல்லுவேன், திருக்கேதீஸ்வரத்தான்மேல் சத்தியம்: கீழே ஒரு சொல்லும் பொய்யில்லை. நொதியம் என்ற என்சைம், பரம்பரை இரத்தச்சோகை என்று ஆயுளைக் கழித்துவிட்டு, சனத்துக்கு முன்னால் வாய் தவறித் தலைகுனிந்த என் இனத்தவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

நல்ல தமிழ்

இலுப்பைக்கடவையில் இரத்தப் பரிசோதனை முடிவு சொல்லும் நாள். கலியாணம் பேசி முடிந்திருந்த மதன் என்ற கடற்றொழிலாளிக்கு நோய் ஒன்றும் இல்லை. ஆனால் தலசீமியா என்ற இரத்தக் குறைபாட்டைப் பிள்ளைகளுக்குக் கடத்தக்கூடியவன். அப்படியானவரைப் பாடப்புத்தகத் தமிழில் 'காவி' என்போம், நோயைக் காவுகிறவர், அதாவது சுமக்கிறவர். ஆங்கிலம் கலக்கக்கூடாது என்ற தடிப்பில், "தம்பி, நீர் காவி. பயப்படாதையும், அது இரத்தத்திலேயே இருக்கு" என்றேன்.

மாப்பிள்ளைக்கு என்ன வருத்தமென்று பார்க்கவே வந்திருந்த பெண்ணின் தாய், பெரியமடுப் பரமேஸ்வரி, கதிரையோடு பின்னால் நகர்ந்தா.

"ஐயோ சேர், சாமியாராப் போறவனுக்கோ என்ர பிள்ளையைக் குடுக்கப் பாத்தனான்?"

விளக்கம்

அடுத்த நாளே பெரியமடுவுக்கு, பெண் வீட்டுக்கு ஓடினேன். முற்றம் நிறையச் சனம், வேலியோரம் மதனும். அன்றைக்கு அடித்த காற்றில் என் மூக்குக்கண்ணாடி பறந்துபோய்க் குளக்கரையில் நின்ற கொக்கின் மூக்கில் குந்திவிட்டது. நம்பாவிட்டால் கொக்கைக் கேளுங்கோ. கண் மங்கலாய் நின்றபடியே பரமேஸ்வரியிடம் தொடங்கினேன்: "இது பரம்பரை, தங்கச்சி. தகப்பனிட்ட இருந்து மகனுக்கு வாறது."

எனக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்த காலத்தில், மதனின் தகப்பன் பெண்டில் பிள்ளையை விட்டுச் சாமியார்களோடு காவி கட்டிப் போனவர், திரும்பவே இல்லை. மதன் வேலியைப் பிடித்தபடி அழுதான். அது கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. கலியாணம் நின்றது.

"பாத்தியளோ, சேரின்ர வாயாலேயே வந்திட்டுது! அப்பரும் காவிதானே!" என்றா பரமேஸ்வரி.

கழுதை

என்னை நம்பி வெளியே வந்தது கலியாணப் பெண் வதனி ஒருத்திதான். "எனக்கும் இருந்தால், சேர்?" என்று கேட்டாள். இரண்டு பேருக்கும் இருந்தால், பிறக்கிற பிள்ளைக்கு மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டி வரலாம், ஒருவருக்கு மட்டுமென்றால் அந்தப் பயமில்லை என்றேன். இரத்தம் எடுக்கக் கையை நீட்டினாள்.

அந்த இரத்தத்தை ஐஸ் போட்ட குளிர்ப்பெட்டியில் கொண்டுபோகிற வழியில் மன்னார் ரவுணில் இறங்கி, பெட்டியை வெளியே வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வந்தால், ஒரு கழுதை குளிர்ப்பெட்டிக்குள் தலையை விட்டு ஐஸ் முழுவதையும் கடித்து முடித்து, ஏப்பமும் விட்டது. வெக்கையில் இரத்தம் பழுது. ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கழுதையிடம் ஒப்படைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தவன் நான். மறுபடியும் அவளுடைய வீட்டுப் படலையில் போய் நின்றபோது, நாய்கூடக் குரைக்காமல் என்னை ஏளனமாய்ப் பார்த்தது. வதனி மற்றக் கையை நீட்டினாள்.

"எடுங்கோ சேர். ஆனால் இந்தமுறை பெட்டிக்கு மேல நீங்கள் ஏறி இருங்கோ."

முடிவு

முடிவு வந்தது. வதனிக்கு இல்லை. சந்தோசத்தில் படலையிலிருந்தே கத்தினேன்: "தங்கச்சி, உங்கட மகளிட்ட ஒண்டுமே இல்லை!" முற்றத்தில் மதனும் சொந்தக்காரரும் சமாதானம் பேச வந்து நின்றார்கள். பரமேஸ்வரி விளக்குமாறைத் தூக்கினா. "சீதனத்துக்கு என்ர பிள்ளையிட்ட ஒண்டுமில்லையோ?" இன்னொரு சொல் சொன்னால் அதுவும் வேறாகுமோ என்று படலைக்குப் பின்னால் பதுங்கினேன்.

வதனிதான் விளக்குமாறைப் பிடித்தாள். "அம்மா, அவர் அந்த வருத்தத்தைக் காவுறார், நான் காவேல்லை. எங்கட பிள்ளையளுக்கு அது வராது. அவர் சாமியாராப் போகவும் மாட்டார்." பரமேஸ்வரி விளக்குமாறை விட்டுவிட்டு மதன் பக்கம் திரும்பினா. பிறகு, "வெயிலுக்க நிக்காமல் உள்ளுக்கு வாரும், தம்பி" என்றா. என்னைக் கூப்பிடவில்லை. படலைவரை வழியனுப்ப வந்த வதனி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"சேர், கலியாணத்துக்குக் கட்டாயம் வாங்கோ. ஆனால் சாப்பிட மட்டும் வாயைத் திறவுங்கோ."

ஆயுள் முழுக்க நொதியங்களின் குணத்தைப் படித்த எனக்கு என் நாக்கின் குணம் மட்டும் பிடிபடவில்லை. கதையை எங்கேயும் சொல்லுங்கோ, சொன்னது ஆரென்று மட்டும் ஒருவருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.